மிளகுக்கு ஏறுகிற கை

“அலோ... அலோ... ஆங், கேக்குதுங்க. செத்த இருங்க, கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. இந்தக் காதுக்கு மாத்திக்கறேன்... இப்பச் சொல்லுங்க.”

விடிந்ததிலிருந்து சென்னம்மாள் குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துத் தங்கள் காட்டு நிலத்திலிருந்து ரோட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தாள். கடைசி மூட்டையை லாரிக்காரன் காலடியில் போட்ட கையோடு ஓடிவந்து டெலிபோன் பூத்துக்குள் நுழைந்திருந்தாள். பிடரியில் ஆப்பு அடித்து இறக்கியதுபோல ஒரு வலி தோள்பட்டை வரைக்கும் இறங்கியிருந்தது. மலைக்குக் கீழே நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டு மாஸ்டர் தேவராஜ் மத்தியானம் கூப்பிடுவார் என்று, பூத்துக்கார அர்த்தனாரி நேற்றே பஸ்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் சொன்னபடியே மணி அடித்தது.

“ஆமாங்க... ஆமாமா, யமுனாவோட அம்மாதானுங்க. சென்னம்மா... அவங்கப்பன் வர முடியாதுங்க சார். படுத்த படுக்கைங்க... காய்ச்சல் இல்லீங்க. போன மாசியில மரத்துல இருந்து விழுந்தாரு. இடுப்பு போச்சு... புள்ள சொல்லலீங்களா?... அவ சொல்ல மாட்டாளுங்க. வெளிய சொல்ற புள்ள இல்ல.”

“ஏனுங்க, புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே?... செரி... செரிங்க... சோறெல்லாம் திங்கறாளா?... திங்கறா. செரி... சொல்லுங்க, நீங்க கூப்பிட்ட சங்கதியை மொதல்ல சொல்லுங்க.”

கிழங்கு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கிற குரலில்தான் இதையும் கேட்டாள். அந்த மாசிக்குப் பிறகு அவளுக்கு வேறு குரல் இல்லை. சிரிப்புக்கும் அதே குரல்தான், சாவுக்குப் போனாலும் அதே குரல்தான்.

“உடம்புக்கா? அவ உடம்புக்கு என்னங்க?... ஓ, எல்லாப் புள்ளைகளுக்குமா... ஆமாங்க... ஆமாங்க, ஒக்காந்தே கெடந்தா மயக்கம் வரத்தான் செய்யும். ப்ரேயர்ல நிக்க முடியலைன்னா என்னத்தைப் படிக்கறது... இங்க இருந்தா அந்தக் கவலை இல்லீங்க சார். வெறகு ஒரு கட்டு, தண்ணி ரெண்டு கொடம், மேட்டுல ஏறி எறங்குனா தீந்துது... அய்யோ, குத்தமாச் சொல்லலீங்க. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.”

“இதுவரைக்கும் கராத்தே மட்டும்தான் இருந்துதா. செரி. இப்ப... ம்... கம்பு சுத்தறது... ம்... அந்த உதைக்கறது, அது என்னமோ பேரு... பேரு கெடக்குதுங்க, நீங்க சொல்லுங்க... ஜூடோ. ஆளுக்கு ஒண்ணு எடுக்கோணும். பெத்தவிய சொல்லோணும். செரிங்க.”

“ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இதுல எதுல கை ஒடையாது?”

கம்பிக்குள் வண்டு புகுந்ததுபோல ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. கண்ணாடிக்கு வெளியே லாரியில் மூட்டை அடுக்குகிறவன் மேலே நின்று யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். மார்கழி மப்பு இன்னும் விலகவில்லை. வேர்த்த உடம்பு அதற்குள் குளிர்ந்துபோய், ரவிக்கை முதுகில் ஈரத்துணியாக ஒட்டியிருந்தது.

“அலோ... கைதானுங்க. கால் சுளுக்குனா எண்ணெயைப் போட்டு நீவி உட்டுக்கலாம். பல்லு போனா வாயை மூடிக்கலாம். கைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாதுங்க... எழுதறதுக்கா?... ஆமாங்க. எழுதறதுக்குந்தான்.”

அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டாள்.

“கம்பு வேண்டாங்க... தெரியும் சார், நல்லாத் தெரியும். எங்க கோயில் நோம்பியில ராத்திரியெல்லாம் சுத்துவாங்க. என்ற கொழுந்தன் சுத்துனவன்தான். முட்டியில ஒரே அடி, இன்னைக்கும் அந்தக் கையில அருவா நிக்காது... தலைக்குத் தொப்பி குடுக்கறீங்களா. நல்லதுங்க. கைக்கு?... கைக்கு ஒண்ணும் இல்ல. அப்ப வேண்டாம்.”

“உதைக்கறது... ஆமா, காலுதான். ஆனா எதுத்தாப்புல நிக்கறவளும் உதைப்பாளே, அதை எதைக் குடுத்துத் தடுப்பா?... பாத்தீங்களா, நீங்களே கைன்னுட்டீங்க.”

“ஏனுங்க, இதெல்லாம் எதுக்கு, வெறும் ஓட்டம் ஓடுனா ஆகாதா?... ஆகாது. ஓடறது ஒருத்தி ரெண்டு பேரு, மத்தவ எல்லாம் மரத்தடியில நின்னுக்கறாளுங்களா... ம். எங்க ஊர்லயும் அப்படித்தானுங்க, களையெடுக்கப் போனா.”

“கராத்தே அவளுக்கு உசுருங்க. தீவாளிக்கு வந்தவ ஆட்டுப்பட்டியில நின்னுக்கிட்டு ஆட்டுக்கெல்லாம் குத்து உட்டுக் காட்டுனா. ஆடும் அசை போட்டுக்கிட்டே பாத்துது... என்னங்க?... நீங்களே வேண்டாங்கறீங்க?... செரி. நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு சிக்கல் தானாக ஒழிந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

“அப்ப மிச்சம் அந்த ஜூடோ. அதுல என்னங்க பண்ணுவாங்க?... சட்டையைப் புடிச்சு... ம்... இடுப்புல தூக்கி... கீழ போடறதா! அது ஆகவே ஆகாதுங்க சார். விழுந்தா கைதான் மொதல்ல ஊணும்... ம்... ம்...”

“இருங்க. இப்ப என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க.”

“விழுகறதைச் சொல்லிக் குடுப்பீங்களா?”

ரிசீவரை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டாள். மறு கை தானாகக் கண்ணாடியில் போய் ஊன்றியது. கிழங்குத் தோட்டத்துச் செம்மண் அங்கே ஐந்து விரலாகப் பதிந்தது.

“மொதல்ல அதுதானா... யாரையும் தூக்கறதுக்கு முந்தி, வெறும் விழுகறதே பல நாளைக்கா... ம்... தாடையை நெஞ்சோட ஒட்ட வெச்சுக்கோணும்... ம்... கையை ஊணவே கூடாது... முதுகை வளைச்சு, உருண்டு... உள்ளங்கையால தரையில ஓங்கி அடிக்கோணுமா? எதுக்குங்க?... ஓ, அந்த அடி அங்க போயிரும். எலும்புக்குப் போகாது. ம்.”

அவள் புருஷன் சின்னராசு விழுந்தபோது அவள் மரத்தடியில் மிளகுச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் மரத்து உச்சிக்குப் பக்கத்தில் ஏணி ஒருபக்கம் சரிந்தது. இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு வந்தவர், பாதியில் ஒரு கிளையில் பட்டுப் புரண்டு, இடுப்பு பாறையில் மோத விழுந்தார். அந்த மலையில் பிள்ளைகளுக்கு நடை வந்ததும் மரம் ஏறச் சொல்லித் தருவார்கள். எந்தக் கொடியைப் பிடிக்கலாம், எந்தக் கிளை முறியும், மழைக்குப் பிறகு எங்கே கால் வைக்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தருவார்கள். விழுவதை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அதைச் சொல்லித்தர முடியும் என்றே அவளுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது. அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கழுத்துதான் வலித்தது.

“ஏனுங்க... எவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்தா அது ஒதவும்?... நின்ன வாக்குலயா... தென்னநார் மெத்தையில. ம்... மரம் ஒசரம்னா?... ஒதவாது. செரிங்க... பாதி மரம்?... அதுக்கும் இல்ல. ஏணியில கீழ்ப்படியில இருந்து வழுக்குனா?... கொஞ்சம் ஒதவலாம்... இல்லீங்க, இல்லைன்னு சொன்னதே நல்லது. ஆசை காட்டி அனுப்பறதுக்கு இது தேவலை.”

“அதையே போடுங்க சார். ஜூடோ... ஆமாங்க, முடிவாத்தான் சொல்றேன். கொஞ்சம்னாலும் ஒதவுமில்லைங்க... எதுக்கா?”

திரும்பிப் பார்க்கக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. உடம்போடு திரும்பி, அர்த்தனாரி காது கொடுக்கிறானா என்று பார்த்தாள். அவன் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான்.

“தை லீவுக்கு வந்தா அவ மரம் ஏறோணுங்க... மொளகு பறிக்க... எங்க மரம் இல்லீங்க. பக்கத்துக் காட்டுக்காரரு, சின்னக்கண்ணு அண்ணன்னு. போன மாசியில இவரு விழுந்தப்ப எங்க மொளகு பாதி மரத்துலயே நின்னு போச்சு. பழுத்துக் கொட்டுது, நான் ஆஸ்பத்திரியில ஒக்காந்திருக்கேன். அவரு தன்ற காட்டை அப்படியே உட்டுட்டு வந்து எங்க மரத்துல ஏறிப் பறிச்சுக் குடுத்தாரு. அவரு மொளகு அங்க கொட்டிப் போச்சு. கொட்டுனதைக் குருவி தின்னுது... கூலியா? கூலி வாங்க மாட்டாங்க சார். எங்க பக்கம் ஆளுக்கு ஆளுதான். நீ வந்து எனக்குக் களை எடுத்தா நான் வந்து உனக்குக் களை எடுக்கோணும். மரம் ஏறுன ஆளுக்கு மரம் ஏறற ஆளைத்தான் திருப்பி உடோணும். நான் போயி அவரு காட்டுல பத்து நாளு கெழங்கு வெட்டுனாலும் அது இதுல சேராது... காசு குடுத்து வெளியாளை உடறதா? அதுக்கு அவரு மூஞ்சியில துப்பிட்டு வந்துரலாங்க.”

“எங்க ஊட்டுல ஏறத் தெரிஞ்சவ இப்ப அவ ஒருத்திதான். எனக்கு ஏற வராதுங்க, இப்ப அண்ணாந்து பாக்கவே வர மாட்டேங்குது... பொம்பளப் புள்ளையா? மரத்துக்கு அதெல்லாம் தெரியுங்களா?”

“ஆமாங்க... ஆமாங்க, படிக்கிற புள்ளதான். நான் நிறுத்தறேன்னு சொல்லலையே... ஏறலைன்னா என்ன ஆகுமா? ஒண்ணும் ஆகாதுங்க. யாரும் வாசல்ல வந்து நின்னு கேக்க மாட்டாங்க. அடுத்த வருசம் நாங்க கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. அவ்வளவுதான். ஒத்தைப் பொம்பளை, அவ்வளவு காட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? காடு தருசாப் போகும். காடு போனா அவ படிப்பு எங்க நிக்கும்?... அதான் கையைக் கேட்டேன்.”

தன்னால் ஒரு பாரம் மாஸ்டர்மேல் ஏறிவிட்டதோ என்று நினைத்தாள்.

“சாரு, உங்களுக்கு நாங்க என்னத்தைத் திருப்பறது?... விழுகறதைச் சொல்லிக் குடுக்கறீங்களே, சும்மாவா? காடு தோட்டம் இருக்குதுங்களா?... வாடகை ஊடா. கொல்லையாச்சும்?... ஒரு வாழை கூட இல்லையா? என்னங்க இது!... சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன். அப்ப ஊடு மொழுகறது, மாவாட்டறது... சிமிட்டித் தரையா. மாவும் கரண்ட்டுல ஆடுதா. செரி. உங்களுக்கு ஆளுக் கடன் பட முடியாதுங்க சார், நீங்க அந்த மாதிரி பொழைக்கறீங்க... அலோ?”

“அலோ... இருக்கீங்களா? சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, பேச்சைக் காணோம்... யாரு? யமுனாவா? பக்கத்துலயே நிக்கறாளா? அவ க்ளாஸ்ல இல்லீங்களா?... அவளே சொல்லுவாளா? என்னத்தைங்க சொல்லுவா?... ஏனுங்க, ஒண்ணுமில்லைன்னீங்களே... குடுங்க. நீங்க குடுங்க.”

வெளியே லாரி கிளம்பியது. பூத்துக் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது.

“கண்ணு... அலோ, சாமி... அழுகாத. அழுதா இந்த லைன்ல ஒண்ணுமே வெளங்க மாட்டேங்குது... மூக்கைச் சிந்திட்டுப் பேசு... ம்... சொல்லு.”

“எந்தக் கை?”

“சோத்தாங்கையா.”

தன் வலது கையைப் பார்த்தாள். அதில் ரிசீவர் இருந்தது. யமுனா ஏறும்போது அந்தக் கைதான் முதலில் மேலே போகும். வலது கையால் கொடி நழுவாத இடம் பார்த்துப் பிடித்து, பிறகுதான் காலை எடுப்பாள். ஆறு வயதிலிருந்தே அப்படித்தான்.

“எங்க?... சுண்டு வெரலுக்குக் கீழ... எப்படி?... ஓடா? ஊட்டுக் கூரைக்கு மேயற ஓடா? அதை எதுக்குக் கண்ணு கையில ஒடைச்ச?... மாஸ்டர் சொன்னாரா?... அவரு ஊர்ல இல்லாதப்ப. செரி... யாரு, சுஜிதாவா? உன்ற ரூமுக்காரியா?... என்னன்னா?... மலைக்காரி கை இரும்புதானே, ஒடைச்சுக் காட்டுன்னாளா... சுத்தி நின்னு கை தட்டுனாளுங்களா.”

“ஓடு ஒடைஞ்சுதா?... ஒடைஞ்சுது. செரி.”

“நம்ம கை இரும்பு இல்ல சாமி. அவளுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?... இல்ல, திட்டலை... கோவமும் இல்ல... தெரீல கண்ணு. ஒண்ணும் தோண மாட்டேங்குது.”

“மாவுக்கட்டா... எப்ப அவுப்பாங்க?... தை பாதியில. அவுத்த பொறகு?... மாசி முடிய கனம் எதையும் தூக்கக் கூடாது, தொங்கக் கூடாது. ம்.”

மாசி முடிகிறபோது மிளகும் முடிந்துவிடும். அதற்குமேல் மரத்தில் இலைதான் இருக்கும். கூட்டிக் கழிக்க அதில் ஒன்றுமில்லை.

“வலிக்குதா?... ராத்திரியிலயா... சோறு எந்தக் கையில திங்கற?... கரண்டியிலயா. யாரு ஊட்டி உடறது?... சுஜிதாவா! அவளேவா?... ம். நல்லா ஊட்டட்டும். கொழம்பை மேல ஊத்தாம ஊட்டச் சொல்லு.”

“என்ன?... ஒத்தைக் கையிலயா ஏறுவ? மரத்தைப் புடிப்பியா, மொளகைப் பறிப்பியா?... கயிறு கட்டிக்கறியா. பேசாத. உங்கப்பன் ரெண்டு கையோட ஏறுனவரு.”

“கேளு. லீவுக்கு நீ வர வேண்டாம்... வராதன்னா வராத. வார்டனம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, பொங்கலுக்கு அங்கயே இருக்கறவங்களோட இரு... நீ வந்தா ஏறுவ, எனக்குத் தெரியும். நான் காட்டுக்குப் போன நேரம் பாத்து ஏறுவ. நான் இன்னொருக்கா கீழ நின்னு சாக்கைப் புடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்க மாட்டேன்... முடியாது கண்ணு. கழுத்தும் முடியாது.”

“அந்த ஜூடோவுல சேத்தச் சொல்லிட்டேன். கட்டு அவுத்து, மாஸ்டரு செரின்னு சொன்ன பொறகு போ. அவரு சொல்றதுக்கு முந்தி எவ என்ன சொன்னாலும் எதையும் ஒடைக்காத... கராத்தே போனாப் போகுது. ஆட்டுக்கு நான் சொல்லிக்கறேன்... ம், சிரி. அப்படி.”

“விழுகறதை நல்லாக் கத்துக்க. தாடையை நெஞ்சோட வெச்சுக்கோணுமாம். கையை ஊணக் கூடாதாம். கத்துக்கிட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடு... எனக்குத்தான். இந்த வருசம் கொட்டுனது கொட்டட்டும், அடுத்த வருசம் நம்ம மொளகுக்கு யாரு ஏறுவா? நான்தானே ஏறோணும்... ஏறத் தெரியாதுதான். விழுகறதையாச்சும் தெரிஞ்சுக்கிட்டு ஏறறேன்.”

கண்ணாடிக் கதவை அர்த்தனாரி தட்டினான். அவன் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

“அப்பனா?... இருக்காரு... குடுத்தா திங்கறாரு. வெளிய கட்டில்ல போட்டா மரத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கறாரு. இப்ப உள்ள போட்டிருக்கேன்... சொல்ல மாட்டேன். உன்ற கையைச் சொல்ல மாட்டேன். பரிச்சை இருக்குதாம், அதனால வரலைன்னு சொல்லிக்கறேன்.”

“சின்னக்கண்ணு மாமனா?... அவரு கேக்க மாட்டாரு. உனக்குத் தெரியாதா அவரை. ஆனா பாப்பாரு. தை பொறந்தா மொதல்ல மரத்தைப் பாப்பாரு, பொறகு நம்ம ஊட்டுத் தடத்தைப் பாப்பாரு, யாராச்சும் ஏணியைத் தூக்கிக்கிட்டு வாராங்களான்னு... நான் என்ன சொல்லட்டும்? நீ ஓட்டை ஒடைச்சேன்னா சொல்லட்டும்?... நீ அழுகாத. மொளகு கொட்டுனா கொட்டிட்டுப் போகுது... அப்படியில்லதான். தெரியுது கண்ணு, தெரியுது... கேக்குதா? லைன் இரையுது... அலோ...”

இரைச்சல் ஒரு தரம் உயர்ந்து, பட்டென்று அடங்கியது. பிறகு ரிசீவருக்குள் ஒன்றும் இல்லை. சென்னம்மாள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மகள் கேட்கிறாள் என்றோ கேட்கவில்லை என்றோ அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதை, அதே குரலில், சொல்லி முடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

“போன மாசியில மாமன் நம்ம மரத்துல ஏறுனாரு. அவரு மரத்துல ஏற நம்ம ஊட்டுல இருந்து ஒரு ஆளு போகோணும். இந்தத் தையில போக ஆளில்லை. அந்த ஆளுக் கடன் அப்படியே நிக்குது, கண்ணு.”